கிராக்கோவிலிருந்து இரங்கற்பா வந்துவிட்டது

எங்கள் ஊர் ஃபெர்ராராவில் உயிரோடு இருப்பவர்களுக்குப் பெரிய மரியாதை கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அணைந்தோர் கழகத்தில் எடுபிடியாக இருந்து வயிறு வளர்த்தவன் நான். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கழகத்தின் வழக்கம் இது. கவிஞரோ புலவரோ உறுப்பினராகச் சேர்ந்தால் அவருக்கு ஒரு மெழுகுவர்த்தி கொடுப்பார்கள். ஆனால் அதை ஏற்றமாட்டார்கள். மேசைமேல் அவரவர் முன்னால் அது வெள்ளைத் திரியோடு சும்மா நிற்கும். கூட்டம் முழுக்க அரையிருட்டில் நடக்கும். கவிதை படிக்கிறவர் ஜன்னலோரம் போய் நின்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பார். ஆள் செத்த பிறகுதான் அவருடைய வர்த்தியை ஏற்றுவார்கள். உலகத்தில் அணைந்தவன் புகழில் எரிகிறான் என்று வாசலுக்கு மேலே லத்தீனில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். வர்த்திப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போகும் இடமெல்லாம் பின்னால் போவது என் வேலை.

தங்களைத் தாழ்த்திக்கொள்கிற பட்டப்பெயர் ஒன்றும் ஒவ்வொருவருக்கும் உண்டு. தலைவர் ஒராசியோ வெர்னாசி 'கரிந்தவர்'. செயலாளர் பந்தோல்ஃபோ 'புகைந்தவர்'. வைத்தியர் கஸ்பரோ 'ஈரத்திரி'. அந்தத் தாழ்மையை உரிய மரியாதையோடு சொல்லாவிட்டால் அவர்களுக்குக் கோபம் வந்துவிடும். சந்தையில் ஒரு முட்டைக்கோஸ்காரி சிரித்துக்கொண்டே "ஈரத்திரி ஐயா" என்று கூப்பிட்டாள் என்பதற்காக அவளைக் கண்டித்துக் கழகத்தில் ஒரு பிற்பகல் முழுக்கப் பேசினார்கள்.

வெர்னாசிகள் மூன்று தலைமுறையாக எழுதுகிற குடும்பம். ஒராசியோவின் அப்பா லத்தீனில் ஆட்டிடையர் பாட்டுகள் எழுதினார். வாழ்நாளில் ஓர் ஆட்டைத் தொட்டவரில்லை. ஒராசியோவின் தம்பி லியோனில் பாடம் சொல்கிறார். ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் ஆண்ட்வெர்ப்பில் அச்சுக்கூடக்காரரின் மகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். இவர்கள் வீட்டில் தங்கிப் படித்த போலந்துக்காரர் இப்போது கிராக்கோவில் ஆயரின் செயலாளர். வெர்னாசி வீட்டில் ஒருவர் தும்மினால் ஐரோப்பாவில் மூன்று ஊரில் செய்யுள் கிளம்பும். வீட்டில் விறகுதான் இருக்காது. அதனால்தான் ஒராசியோ தன் ஒரே மகள் தத்தேயாவை நேரியோவுக்குக் கட்டிக்கொடுத்தார். நேரியோ கொமாக்கியோ காயலிலிருந்து வந்து, விலாங்கு மீனைப் புளித்த காடியில் ஊறப்போட்டுப் பீப்பாய் பீப்பாயாக விற்கிறவன். நல்ல மனுஷன். எழுதப்படிக்கத் தெரியாது. அவன் வீட்டில் அடுப்பு எப்போதும் எரியும்.

தத்தேயா கவிதை எழுதுவாள். நன்றாகவும் எழுதுவாள் என்று எனக்குத் தோன்றும். எனக்குத் தோன்றுவதை யார் கேட்டார்கள்? பெண்பிள்ளைக்குக் கழகத்தில் வர்த்தி கிடையாது. அவள் சின்ன வயதில் எழுதிய ஒரே ஒரு பாட்டை அப்பா அந்த மூன்று ஊருக்கும் அனுப்பினார், அவர்களும் ஆகா என்றார்கள், அதோடு சரி. அப்புறம் எழுதியதை எல்லாம் "பார்க்கலாம்மா, பார்க்கலாம்" என்று வாங்கிவைத்துக்கொண்டார்.

அந்தக் குளிர்காலத்தில் தத்தேயாவுக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் கஸ்பரோ வந்து நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கையை விரித்தார். நேரியோ சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். செயலாளர் பந்தோல்ஃபோ அடுத்த அறையில் உட்கார்ந்து, மை காய்வதற்குள் லியோனுக்கும் ஆண்ட்வெர்ப்புக்கும் கிராக்கோவுக்கும் எழுதிவிட்டார்.

இதிலும் தப்பில்லை, கழகத்தின் நடைமுறையே அதுதான். பெரிய வீட்டில் ஒருவர் இறந்தால் நாலு தேசத்துப் புலவர்களின் இரங்கற்பாக்களைத் திரட்டி ஒரு தொகுதி அச்சிட வேண்டும். மலைப்பாதையில் பனி விழுந்துவிட்டால் தபால் மாதக்கணக்கில் தங்கிவிடும். ஆள் சாகட்டும் என்று காத்திருந்தால் துக்கம் ஆறிப்போகும். ஆகவே வைத்தியர் கையை விரித்ததுமே எழுதிவிடுவார்கள். பழைய தொகுதிகளைத் துடைத்து அடுக்கும்போது நான் கவனித்திருக்கிறேன். அவற்றில் இரங்கற்பா பாடப்பட்ட அத்தனை பேரும் அச்சுக்கு முந்தின வாரம் தவறாமல் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அப்போது அது எனக்கு ஆண்டவன் செயலாகத்தான் பட்டது.

தத்தேயா பிழைத்துக்கொண்டாள்.

காய்ச்சல் இறங்கி, கஞ்சி குடித்து, எழுந்து உட்கார்ந்து, "எனக்குக் காடி விலாங்கு வேணும்" என்று கேட்டாள். நேரியோ தெருவில் போகிறவர்களை எல்லாம் கட்டிப்பிடித்தான். என்னையும் கட்டிப்பிடித்தான்; என் சட்டை மூன்று நாள் நாறியது. அந்தச் சமயத்தில் பந்தோல்ஃபோ கறுப்பு அங்கியோடு படியேறி வந்தார். நான் வர்த்திப் பெட்டியோடு பின்னால்.

"எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கா ஐயா! காலையில ரெண்டு விலாங்கு சாப்பிட்டா!"

"அடடா," என்றார் பந்தோல்ஃபோ. அவர் முகம் உண்மையாகவே வாடியது. "மனசைத் தேத்திக்கங்க."

பிறகு தினமும் வந்தார். தினமும் அதே கேள்வி. நேரியோ ஒவ்வொரு நாளும் கொஞ்சம் குறைந்த சந்தோஷத்தோடு பதில் சொன்னான். ஒருநாள், "அப்படியேதான் இருக்கா ஐயா" என்று ஏதோ மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொல்வதை நானே கேட்டேன்.

இதற்குள் கவிதைகள் வர ஆரம்பித்துவிட்டன. லியோன் சித்தப்பா கிரேக்கத்தில் அழுதிருந்தார். ஆண்ட்வெர்ப்பிலிருந்து கல்லறைச் சித்திரம் ஒன்று செப்புத் தகட்டில் செதுக்கி வந்தது. கிராக்கோவிலிருந்து பனியையும் தாண்டி நீளமான பா ஒன்று வந்தது. அதில் ஓநாய்கள்கூட ஊளையிட்டு இரங்கின. அரண்மனைச் சீமாட்டி ஒருத்தி தொகுதியின் சமர்ப்பணத்தை ஏற்றுக்கொண்டு ஒரு தடவை அழுதும் முடித்துவிட்டாள். தத்தேயா மட்டும் மாடியில் உட்கார்ந்து பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

கழகம் சிறப்புக் கூட்டம் கூட்டியது. நேரியோவுக்கு அழைப்பு வந்தது. பீப்பாய்க்காரன் தன் நல்ல மேலங்கியைப் போட்டுக்கொண்டு, அந்த அரையிருட்டில் ஏற்றாத வர்த்திகளுக்கு முன்னால் போய் நின்றான். யாரோ செத்துப்போய்விட்டார்கள், அது யாரென்று தனக்கு மட்டும் சொல்லவில்லை என்பது போல முழித்தான்.

பந்தோல்ஃபோ எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசுவது அச்சில் வருவது போலத்தான் இருக்கும்.

"அணைந்த அன்பர்களே! தத்தேயா அம்மையார் உயிரோடு இருக்கிறாரா என்பது நம் முன் உள்ள கேள்வி அல்ல. அது உடலைப் பற்றிய கேள்வி, ஆகவே அற்பமானது. லியோனில் ஓர் அறிஞர் அழுதிருக்கிறார். கிராக்கோவில் ஓர் ஆயரின் செயலாளர் மூன்று நாள் உண்ணவில்லை என்று எழுதியிருக்கிறார். சீமாட்டி சிந்திய கண்ணீரை அவர் கண்ணுக்குள்ளேயே திருப்பி ஊற்ற நம்மால் ஆகுமா? இத்தனை பெரியோரின் துயரத்தைப் பொய்யாக்கும் உரிமை ஒரு தனி ஆளுக்கு உண்டா? அதுவும் ஒரு பெண்ணுக்கு?"

"ஐயா," என்றான் நேரியோ, "அவ நல்லாத்தான் இருக்கா. வேணும்னா வந்து பாருங்க."

"இறந்தவர்களைப் பற்றி அவதூறு பேச வேண்டாம்," என்றார் பந்தோல்ஃபோ மென்மையாக.

தலைவர் ஒராசியோ எழுந்தார். அவர் கண் சிவந்திருந்தது. "நான் தந்தை. அவள் உயிர்மேல் என்னைவிட ஆசை யாருக்கு இருக்க முடியும்? ஆனால் ஒரு தந்தையாகவே சொல்கிறேன். அவள் இருந்தவரை அவள் எழுதியதை நான் படித்ததில்லை. அவளை இழந்த பிறகுதான் எடுத்துப் படித்தேன். என்ன கவிஞர்! அவள் மட்டும் இன்று இருந்திருந்தால், இந்தக் கழகத்தில் முதல் பெண்ணாக அவளுக்கு நானே வர்த்தி கொடுத்திருப்பேன்."

அப்போது கதவு திறந்தது. தத்தேயா வந்தாள். வீட்டில் போட்டிருந்த அதே கம்பளிச் சால்வை, கையில் பூசணிக்காய்க் கறை. "குடுங்கப்பா," என்றாள். "வந்துட்டேன்."

ஒருவரும் திரும்பவில்லை. மரியாதைக்குறைவு என்று சொல்ல முடியாது. அத்தனை பேரும் ஒரே சமயத்தில் தங்கள் வர்த்தியை ஆராய ஆரம்பித்தார்கள். நான்தான் பழக்கதோஷத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"யாருக்குடா நாற்காலி?" என்றார் பந்தோல்ஃபோ.

எனக்கும் சோறு வேண்டுமே. நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

தத்தேயா நின்றபடியே ஒரு பாட்டைச் சொன்னாள். பிறந்த வீட்டுச் சுவரில் ஈரத்தில் படரும் பூஞ்சையைப் பற்றிய பாட்டு. ஒவ்வொரு திட்டுக்கும் ஒரு மூதாதையின் பெயர் வைத்து, அவர்கள் எப்படி ஆண்டுக்கொரு விரல் அகலம் பெரியவர்கள் ஆகிக்கொண்டே இருக்கிறார்கள் என்று போகும். எனக்குச் சிரிப்பு வந்தது. கடைசி அடியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர் தொண்டையைச் செருமினார். "யாரோ மறைந்த அம்மையாரைப் பின்பற்றி எழுதியிருக்கிறார்கள். முயற்சி பாராட்டத்தக்கது. ஆனால் அவருடைய ஆழம் இல்லை."

எல்லோரும் தலையாட்டினார்கள். தத்தேயா கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வர்த்தியின் திரியை நேராக நிமிர்த்திக்கொண்டிருந்தார். அவள் போய்விட்டாள்.

முடிவாக வைத்தியர் கஸ்பரோ எழுந்து, "இயற்கை சில சமயம் தயங்கும். அதற்குக் கைகொடுப்பதே எங்கள் தொழில். நான் ஒரு கஷாயம் அனுப்புகிறேன்," என்றார்.

"மருந்து வைத்தியர் விஷயம்," என்றார் பந்தோல்ஃபோ. "அதில் என்ன சேர்க்கிறார் என்று இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் பண்பு. தீர்மானம் நிறைவேறியது."

கஷாயக் குப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான். நேரியோ அதை முகர்ந்து பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு கொல்லைக்குப் போய், அன்று வந்திறங்கிய விலாங்குத் தொட்டியில் ஊற்றினான்.

விலாங்கு லேசில் சாகாது. தலையை வெட்டினாலும் துள்ளும். உப்பில் புரட்டினாலும் அரை நாள் நெளிந்துகொண்டிருக்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனையும் வெள்ளை வயிறு தெரிய மேலே மிதந்தன. நேரியோ தொட்டியை விட்டு ஓரடி பின்வாங்கினான். நானும்தான்.

"ஏன்யா பியாஜோ," என்றான் என்னிடம், "இவங்களுக்கு அவ என்ன பண்ணா?"

"ஒண்ணும் பண்ணலை. பொழைச்சுக்கிட்டா, அதான்."

"நாளைக்கும் அனுப்புவாங்களா?"

"அச்சு ஆகிற வரைக்கும் அனுப்புவாங்க."

அன்று சாயங்காலம் ஒராசியோ மகளைப் பார்க்க வந்தார். நேரியோ கதவிலேயே நின்றுகொண்டான். மாமனார் கையில் குப்பி ஏதும் இல்லை என்று பார்த்த பிறகுதான் விட்டான். அவர் கொண்டுவந்தது ஒரு காகிதம். மகளுக்கு எழுதிய இரங்கற்பா. மகள் எதிரிலேயே அதைப் படித்தார். படிக்கப் படிக்கத் தாடியில் கண்ணீர் வழிந்தது. பொய்க் கண்ணீர் இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன். முப்பது வருடமாக இடையர்களையும் ஊற்றுகளையும் எழுதிக்கொண்டிருந்த மனிதர், முதல்முறையாக ஒரு நிஜமான விஷயத்தை எழுதியிருந்தார். அது இன்னும் நடக்கவில்லை என்பதுதான் குறை.

"நல்லா இருக்குப்பா," என்றாள் தத்தேயா.

"நெஜமாவாம்மா?"

"மூணாவது வரியில ஒரு சீர் இடிக்குது."

அவர் அவசரமாகப் பேனா கேட்டு வாங்கித் திருத்தினார். அவள் அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, உங்களுக்கு நான் வேணுமா, இந்தப் பாட்டு வேணுமா?"

அவர் காகிதத்தை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பேசறது நியாயமில்லம்மா," என்றார்.

அவர் படியிறங்கிய பிறகு தத்தேயா வாய்விட்டு அழுதாள். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

மறுநாள் நேரியோ பந்தோல்ஃபோவிடம் போய்த் தொப்பியைக் கழற்றினான். "ஐயா, அவ செத்தவதான். ஒத்துக்கறேன். காயலுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன். இந்த ஊர்ல ஒருத்தர் கண்ணுலயும் பட மாட்டா. கஷாயம் மட்டும் வேண்டாம்."

பந்தோல்ஃபோ அவனை அணைத்துக்கொண்டு, கனவான்களைக் கூப்பிடும் 'மெஸ்ஸேர்' பட்டத்தையும் முதல்முறையாகக் கொடுத்தார். "இவ்வளவு பண்பானவர் என்று தெரியாமல் போய்விட்டதே, மெஸ்ஸேர் நேரியோ! தொகுதியில் ஒரே ஒரு குறை இருந்தது. கணவரின் கவிதை. நாங்களே எழுதிவைத்திருக்கிறோம். ஒப்பம் போட்டால் போதும்."

வாசித்தும் காட்டினார், ஒளிக்கவில்லை. ரோஜா வந்தது, சலவைக்கல் வந்தது, ஜோடிப் புறாவில் ஒன்று வந்தது. கடைசியில் கணவன் சபதம் செய்கிறான்: விலாங்குகள் காயலை விட்டுக் கடலுக்குக் கிளம்பும் பருவம் முடிவதற்குள் நானும் உன் பின்னால் வந்துவிடுவேன்.

"இதெல்லாம் சும்மா சொல்றதுதானே ஐயா?" என்று கேட்டான் நேரியோ.

"கவிதையில் சும்மா சொல்வது என்று எதுவும் கிடையாது," என்றார் பந்தோல்ஃபோ.

நேரியோவுக்கு மனைவியை எப்படியாவது படகில் ஏற்றிவிட வேண்டும். பீப்பாயில் போடும் தன் முத்திரையை, வளைந்த விலாங்கு ஒன்றை, காகிதத்தின் அடியில் வரைந்து கொடுத்தான்.

அவர்கள் ஊரை விட்டுப் போகிறார்களா என்று பார்த்துவர என்னையும் அந்தப் படகில் அனுப்பினார்கள். மூடுபனியில் கரை தெரியவில்லை. தத்தேயா வலைக்குவியலுக்குள் சால்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தாள்.

"அப்படி என்னதான் பாடி வெச்சிருக்கே நீ?" என்றாள் நேரியோவிடம் கிண்டலாக. "ரோஜாவா? புறாவா?"

"ரெண்டும் உண்டு. அப்புறம், விலாங்கு கடலுக்குப் போறதுக்குள்ள நானும் வந்துருவேன்னு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். சிரிப்பு போய்விட்டது. "எங்கே வந்துருவே?"

"உன் பின்னாடி. அட, சும்மாம்மா. பாட்டுதானே?"

"நேரியோ, நீ மீன்காரன், உனக்குப் பாட்டு சும்மா. எங்க வீட்டுக்காரங்களுக்கு மத்ததெல்லாம்தான் சும்மா," என்றாள். அதன் பிறகு கொமாக்கியோ வரை அவள் அவன் கையை விடவே இல்லை.

தொகுதி வசந்தத்தில் வெளிவந்து பெரும் புகழ் பெற்றது. கழகத்தில் தத்தேயாவுக்கும் ஒரு வர்த்தி ஒதுக்கி ஏற்றினார்கள், தலைவர் தேம்பியழுதார். கணவனின் சபதம் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. லியோனில் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார்கள். கழகம் நேரியோவைக் கேட்காமலேயே உறுப்பினராக்கி 'ஊறியவர்' என்று பட்டம் சூட்டி ஒரு வர்த்தி ஒதுக்கியது. கோடையிலேயே பந்தோல்ஃபோ மறுபடி மூன்று ஊருக்கும் எழுதிவிட்டார். இந்த முறை வைத்தியர் கையை விரிக்கும் வரை காத்திருக்கவில்லை. சபதமே இருக்கிறதே.

இலையுதிர் காலத்தில் முதல் புயல் கிளம்பிற்று. காயல் கறுத்து, விலாங்குகள் கூட்டம் கூட்டமாகக் கடல் வாயை நோக்கி நகர்ந்தன. ஒரு பிற்பகலில் பந்தோல்ஃபோவும் வைத்தியர் கஸ்பரோவும் படகில் கொமாக்கியோவுக்குப் போனார்கள். பெட்டியோடு நான். பெட்டிக்குள் ஒரே ஒரு வர்த்தி.

நேரியோ நாணல் குடிசை வாசலில் வலை உதறிக்கொண்டிருந்தான். கறுத்து, உரமேறி, ஆளே ஜோராக இருந்தான். பனிக்குள்ளிருந்து எங்கள் படகு முளைத்ததும் அவன் கை நின்றுவிட்டது.

"மெஸ்ஸேர் நேரியோ!" என்று பந்தோல்ஃபோ அன்போடு கூப்பிட்டார். "எப்படி இருக்கீங்க?"

நேரியோ திரும்பிக் குடிசைக்குள்ளே பார்த்தான்.

"கிராக்கோவிலிருந்து இரங்கற்பா வந்துவிட்டது," என்றார் பந்தோல்ஃபோ. "மிகப் பிரமாதம். நீங்கள் கேட்டிருக்க வேண்டும்."

உள்ளே போனோம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தத்தேயா அதன் பக்கத்தில் கம்பியில் விலாங்கைக் கோத்துக்கொண்டிருந்தாள். இருவரும் அவளைத் தாண்டி நடந்தார்கள். கஸ்பரோ அவள் பாவாடையை மிதித்துவிட்டு, கால் இடறியதற்குத் தரையைக் குறை சொன்னார். பந்தோல்ஃபோ உட்கார்ந்து, "மறைந்த அம்மையார் இந்த எளிய குடிலைப் பார்த்திருந்தால் எவ்வளவு அழகாகப் பாடியிருப்பார்," என்று பெருமூச்சு விட்டார். கஸ்பரோ குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"புயல் காலம்," என்றார். "உடம்புக்கு நல்லது. ஒரே மடக்கில் குடித்துவிடுங்கள்."

"நான் குடிக்கலைன்னா?" என்றான் நேரியோ.

"நாங்கள் இங்கேயே தங்கிக் காத்திருப்போம்," என்றார் பந்தோல்ஃபோ. "உங்களை வற்புறுத்த நாங்கள் யார்? நீங்களே கொடுத்த வாக்கு. லியோனில் அச்சுக் கோத்துவிட்டார்கள்."

நேரியோவின் கண் மனைவியிடம் போனது. அவனுக்கு அழுகை முட்டியது தெரிந்தது. தத்தேயா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். மேசையிலிருந்த குப்பியை எடுத்தாள். அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்தாள். குப்பியிலிருந்ததை இரண்டிலும் சரிபாதியாக ஊற்றி, மேலே திராட்சை ரசம் ஊற்றி, ஒன்றைப் பந்தோல்ஃபோ முன்னாலும் இன்னொன்றைக் கஸ்பரோ முன்னாலும் வைத்தாள். எல்லாம் அவர்கள் கண்ணெதிரில், நிதானமாக. பிறகு போய் அடுப்போரம் உட்கார்ந்துகொண்டாள்.

காயலில் காற்று ஊளையிட்டது.

நேரியோவுக்கு மெதுவாக, மிக மெதுவாக விளங்கியது. அவன் முதுகு நிமிர்ந்தது. "விருந்தாளிங்க சும்மா உக்காந்திருக்கக் கூடாது," என்றான். "குடிங்க ஐயா."

பந்தோல்ஃபோ கோப்பையைப் பார்த்தார். "இதை... யார் ஊற்றியது?"

"நீங்கதான் சொல்லணும்," என்றான் நேரியோ. "யாரையாவது பாத்தீங்களா?"

செயலாளரின் கண் அடுப்புப் பக்கம் திரும்பப் பார்த்தது. பாதி வழியில் நின்றது. அவளைப் பார்த்துவிட்டால் தொகுதி போச்சு, சீமாட்டியின் கண்ணீர் போச்சு, லியோன் போச்சு, கழகமே போச்சு. அவர் கஸ்பரோவிடம் திரும்பினார். கஸ்பரோவின் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. தன் கோப்பையை ஒரு விரலால் தள்ளித் தள்ளி மேசை ஓரத்துக்கே கொண்டுபோய்விட்டிருந்தார்.

"வைத்தியரே, இதைக் குடிக்கலாமா?"

"எனக்கு இன்னிக்கு விரதம்," என்றார் கஸ்பரோ.

"என்ன ஐயா தயங்கறீங்க? உங்க வைத்தியர் கொண்டாந்ததுதானே?" என்றான் நேரியோ. "அதுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

பந்தோல்ஃபோ வெகுநேரம் யோசித்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா, தப்புதான் என்று அவள் பக்கம் திரும்பியிருக்கலாம். அவள் தடுத்திருப்பாள், அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அவள் அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தாள். அவர் அங்கியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"நான் கேட்டதே இல்லை," என்றார். கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

நேரியோ முன்னால் குனிந்தான். அவன் குரலில் கேலி இல்லை. "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டான்.

அந்த ஒற்றை வர்த்தியை ஊர் திரும்பும் வழியில் நான் ஏற்ற வேண்டியதாயிற்று. புயல் காற்றில் இரண்டு தடவை அணைந்தது. கஸ்பரோ படகின் மறுகோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நேரியோவுக்காக வந்திருந்த இரங்கற்பாக்கள் வீணாகவில்லை. கழகம் சிக்கனமானது. பெயரை மட்டும் மாற்றி, விலாங்கு வரும் இடங்களில் எல்லாம் பேனா என்று திருத்தி, புகைந்தவர் நினைவுத் தொகுதியாக அச்சிட்டார்கள். சமர்ப்பணத்தை ஏற்ற சீமாட்டி மறுபடி அழுதாள். இப்போது வைத்தியர் ஈரத்திரிதான் செயலாளர். அவர் யாரையும் நலம் விசாரிப்பதில்லை.

தொகுதிக்குக் கொமாக்கியோவிலிருந்தும் ஒரு கவிதை வந்தது. அடியில் வளைந்த விலாங்கு முத்திரை. கண்டும் காணாதவராக இருந்தே வாழ்ந்து, காணாதவராக இருந்தே போன ஒரு மனிதரைப் பற்றியது. கூட்டத்தில் அதை வாசித்தபோது தலைவர் ஒராசியோ ஜன்னலோரம் நின்றிருந்தார். மூன்றாவது வரியில் ஒரு சீர் இடித்ததும் அவர் தலை தூக்கிப் பார்த்தார். வாசிப்பு முடிந்தது.

பின்வரிசை ஆள் தொண்டையைச் செருமினார். "ஊறியவர் தம் மறைந்த மனைவியைப் பின்பற்றி எழுதுகிறார். ஆனால் அவரைவிட ஆழம் அதிகம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒராசியோ மட்டும் ஆட்டவில்லை. அவர் வாயைத் திறந்தார், ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு வந்து உட்கார்ந்து, தன் வர்த்தியின் திரியை நிமிர்த்தத் தொடங்கினார்.